கைசாவின் இரண்டாம் மனு

மிச்சிகன் ஏரி
2023, மார்ச் 28

அன்புத் தங்கை கைசாவுக்கு,

அண்ணன் ரெய்னோ எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் உன் இடது முழங்கால் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

குளிர்காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த கப்பல் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. என் சமையலறையில் இரண்டு குழாய்கள் உறைந்து வெடித்திருந்தன. வெந்நீர் இல்லாமலே முதல் நாள் எல்லாருக்கும் சோறு போட்டேன். இரண்டாம் இன்ஜினியர் ஹார்லன், "சூப்புல உப்பே இல்ல ரெய்னோ" என்றான். அப்படியும் மூன்று கிண்ணம் குடித்தான்.

வாஷிங்டனில் இருக்கும் முன்னாள் படைவீரர் அலுவலகத்திலிருந்து ஏதாவது வந்ததா? ஈராக்கில் உன் லாரி குண்டில் சிக்கிக் கவிழ்ந்ததில் முழங்கால் போனதை ஒப்புக்கொண்டார்கள். காது இரைச்சலை ஒப்புக்கொண்டார்கள். அதே லாரியில் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்த உன் முதுகை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. படைக் குறிப்பில் முதுகு என்ற சொல்லே இல்லையாமே. அந்த மேல்முறையீடு இரண்டு வருஷத்துக்கு மேலாக அங்கே கிடக்கிறது. உன் பொறுமை எனக்கு வராது.

போனைக் காதில் வைத்தால் என் குரலைவிட இரைச்சல்தான் உனக்குக் கேட்கும். திரையைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்கிறாய். ஆகவே இந்த வருஷமும் நமக்குக் கடிதம்தான். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து எங்கள் பையை வாங்கிக்கொள்ளும்.

நீ ஓட்டும் பள்ளி பஸ்ஸில் வரும் வாலுப் பிள்ளைகளுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்னை மறவாத,
ரெய்னோ


ஆல்டர் பே
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பதும் ஹார்லன் உன் சூப்பைக் குடித்துத் தீர்ப்பதும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். கூரையில் இன்னும் பனி இருக்கிறது. வாசலுக்கு மட்டும் பாதை வெட்டி வைத்திருக்கிறேன்.

பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளும் எப்போதும்போல் கூச்சல்தான்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்காக மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் மார்லீன் பெடார் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மேல்முறையீடு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கத்தான் போனேன். நான் நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "வலது இடுப்புக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அது ஒண்ணுமில்ல. இடது கால்ல பாரம் போட முடியாதுல்ல, அதனால எல்லாத்தையும் வலது பக்கம்தான் தாங்குது."

"எத்தனை வருஷமா?"

"முழங்கால் போனதிலேருந்துதான்."

"தலைவலின்னு போன தடவை சொன்னியே?"

"காதுல இரைச்சல் ஏறினா தலைவலியும் ஏறும்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இங்க பாரு பொண்ணே. அவங்க ஒத்துக்கிட்ட காயத்தாலேயே பின்னாடி இன்னொரு நோய் வந்தா, அதுக்கும் அவங்கதான் பொறுப்பு. தனியா மனு போடணும். இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கல?"

மேல்முறையீடு முடியாமல் இன்னொரு மனுவைப் போட்டால் என் கோப்பைத் தூக்கி மறுபடி அடியில் வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்? யோசித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் கையுறையோடு டெக்கில் நிற்காதே.

அன்புடன்,
கைசா


டுலூத் துறை
ஏப்ரல் 29

தங்கை கைசாவுக்கு,

ஆசிகள். நான் நலமே. சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது.

நீ கேட்டதை யோசித்தேன். ஹார்லனிடமும் கேட்டேன். அவனுக்குத் தெரிந்த ஒருவன், ஒஹையோவில், உன்னைப் போலவே மேல்முறையீடு நடக்கும்போது புது மனு போட்டானாம். எல்லாக் காகிதமும் ஒன்றோடொன்று கலந்து, முதலில் கொடுத்ததையே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். "தூங்குற நாயை ஏன் மிதிக்கச் சொல்ற உன் தங்கச்சியை?" என்றான்.

எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இரண்டு வருஷம் காத்தாய். இன்னும் கொஞ்சம் பொறு. முதுகு விஷயம் முடியட்டும். அப்புறம் இடுப்பையும் தலையையும் பார்க்கலாம். மார்லீன் அம்மா நல்லவர்தான், ஆனால் கோப்பு உன்னுடையது.

பிள்ளைகளைப் பற்றி இந்தத் தடவை நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய். அடுத்த கடிதத்தில் வட்டியோடு எழுது.

அண்ணன்,
ரெய்னோ


ஆல்டர் பே
மே 17

அன்புள்ள அண்ணா,

சளி விட்டது அறிந்து நிம்மதி. நானும் நலம்.

நீ சொன்னபடியே பொறுத்துக்கொள்கிறேன். பனி போய்விட்டது. பின்பக்க வேலியில் இரண்டு பலகை மாற்ற வேண்டும், ஆள் சொல்லியிருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கைசா


கேரி துறை
ஜூன் 9

கைசாவுக்கு,

நீ நலமா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு மேலே போவேன். இந்தத் தடவை அதை மட்டுமே கேட்கிறேன்.

நேற்று கரையிறங்கியதும் உன் பஸ் கொட்டகைக்குப் போன் செய்தேன். பள்ளி முடியும் வாரம், பஸ்ஸில் இருக்கும் ரேடியோவில் உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லச் சொல்லலாம் என்று ஆசை. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் லூயி பெனெட்டிதான் எடுத்தார்.

"கைசாவா? அவ வண்டி ஓட்டறதை ஏப்ரல்லேயே விட்டுட்டாளேப்பா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும், மறந்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. "ரெய்னோ, அவளா சொல்லட்டும். நான் சொன்னா நல்லா இருக்காது. ஆனா ஒண்ணு, அவமேல யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அதை மட்டும் நான் சொல்லிடறேன்" என்றார்.

உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஓட்டுவது யார் என்று எழுதவில்லை. பதினெட்டு வயதிலிருந்து நீ ஓட்டாத வண்டி இல்லை. அதை விட்டுவிட்டு என்னிடம் வேலிப் பலகையைப் பற்றி எழுதுகிறாய்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. எழுது.

ரெய்னோ


ஹியூரான் ஏரி
ஜூலை 5

அன்புத் தங்கை கைசாவுக்கு,

தபால் படகு இரண்டு முறை வந்து போயிற்று. உன் கடிதம் இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று லூயி சொன்னார். ஆமாம், மறுபடி போன் செய்தேன். தினமும் உன் வீட்டுப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிப் போகிறாராம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒஹையோக்காரன் பெயர் என்ன, எந்த ஊர் என்று ஹார்லனைப் பிடித்துக் கேட்டேன். எனக்கு உதவியாக உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு யோசித்தான்.

"பேரா? பேரு தெரியாது. க்ளீவ்லாண்ட்ல ஒரு பார்ல யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"அவரும் யாரோ சொல்லக் கேட்டதுதான்."

"அடப்பாவி. அதை நம்பி என் தங்கச்சிக்கு எழுதிட்டேனே."

"நான் நம்பச் சொன்னேனா?" என்றான்.

ஆகவே நான் சொன்னதை அடித்துவிடு. மார்லீன் அம்மா என்ன சொல்கிறாரோ அதைச் செய். என் மேல் வருத்தமாக இருந்தால் அதையும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ரெய்னோ


ஆல்டர் பே
ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

நீ உடம்பு சரியாக இருக்கிறாயா? இரண்டு கடிதமும் வந்தன. மேஜைமேல் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் வருத்தம் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன் கப்பல் கிளம்பிய அடுத்த வாரம் நடந்தது. காலை வண்டி. ஏரிக்கரைச் சாலையில் போகும்போது இடது கண்ணில் கண்ணாடித் துண்டு போல் ஒன்று மின்னிற்று. இரைச்சல் ஏறியது. எதிரே பார்த்தால் சாலையில் வலது பாதிதான் இருக்கிறது. இடது பாதி இல்லை. இருட்டாகக்கூட இல்லை அண்ணா, அங்கே ஒன்றுமே இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். விளக்குகளைப் போட்டேன். லூயியைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முன் இருக்கையில் உட்காரும் சின்னக்குட்டி மட்டும், "மிஸ் கைசா, பஸ் தூங்குதா?" என்று கேட்டாள். "ஆமாண்டி, கொஞ்ச நேரம்" என்றேன். அவள் மற்றவர்களை எல்லாம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். லூயி வேறு வண்டி கொண்டுவரும்வரை பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிக்கு நான் அந்தக் குழந்தைக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கொட்டகைக்குப் போய் சாவியை மேஜைமேல் வைத்தேன். லூயி, "ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ, சரியாயிடும்" என்றார்.

"வேண்டாம் லூயி. பாதி ரோடு எனக்குத் தெரியல. உங்க பேத்தி பின்னாடி உட்கார்ந்திருந்தா."

அவர் சாவியை எடுத்துப் பலகையில் மாட்டினார்.

இதை உனக்கு எழுதினால் நீ அடுத்த துறையில் இறங்கி ஓடி வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உன் வேலையும் போயிருக்கும். அதனால் பஸ் ஓடுகிறது என்று எழுதினேன். அது பொய்யில்லை. லூயியின் மருமகன் ஓட்டுகிறான், மோசமாக ஓட்டுகிறான்.

உன் ஜூலைக் கடிதம் வந்த மறுநாள் மார்லீன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பதினெட்டு வருஷமா தலைவலி, டாக்டருக்குத் தெரியாது. ஆனா ஆபீஸ் ஒத்துக்கணும். நல்லா இருக்கு."

பிறகு விளக்கினார். மேல்முறையீடு முதுகைப் பற்றியது, அது வாஷிங்டனில் அது பாட்டுக்கு வரிசையில் நிற்கும். இந்த மனு தலையையும் இடுப்பையும் பற்றியது, இது வேறு மேஜைக்குப் போகும். "நீதான் லாரி ஓட்டினவளாச்சே. ஒரு லாரி செக்போஸ்ட்ல நிக்குதுன்னு மத்த லாரியெல்லாம் இஞ்சினை அணைச்சுட்டு வீட்லயே நிக்குமா?" என்றார். முதுகால் வந்த நோய் என்று எதையாவது கேட்டால்தான் முதுகின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுமாம். நான் கேட்பது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட முழங்காலையும் காதையும் வைத்து.

இன்னொன்று. நான் மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டேன் என்று வருந்தினேன். மார்லீன் அம்மா திரையில் எதையோ திறந்து காட்டினார். ஏப்ரலில் நான் போன அன்றே, மனுப் போடும் எண்ணம் இருக்கிறது என்று என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார். நான் எதற்கென்று கவனிக்காமலே போட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் அந்தத் தேதியே கணக்காம். "உன்னை மாதிரி யோசிச்சுட்டு வரேன்னு போறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்" என்றார்.

மனுப் போட்டுவிட்டேன் அண்ணா. தலைவலிக்குத் தனி மருத்துவரிடமும் அனுப்பியிருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். கூட இருந்து பார்த்தவர் ஒருவர் தான் கண்டதை எழுதித் தர வேண்டும். குளிர்காலத்தில் என்னோடு வீட்டில் இருப்பவன் நீ ஒருவன்தான்.

அன்புடன்,
கைசா


டுலூத் துறை
ஆகஸ்ட் 6

என் அன்புத் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் இருந்தது கருகிவிட்டது. அதையே எல்லாரும் சாப்பிட்டார்கள், ஹார்லன்கூட.

கேட்டதை எழுதியிருக்கிறேன். என்னவெல்லாம் எழுதினேன் என்று உனக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன்.

"என் பெயர் ரெய்னோ நிஸ்கனென். கைசா என் தங்கை. ஒவ்வொரு குளிர்காலமும் கப்பல் கட்டியிருக்கும் நாட்களில் அவள் வீட்டில் இருக்கிறேன். அவள் படியிறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவாள். சில வருஷங்களாகக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். இரண்டு குளிர்காலம் முன்பு கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்தாள். சூடாக்கும் செலவு மிச்சம் என்றாள். படி ஏற முடியவில்லை என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஓரிரு முறையாவது ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு சாவ்னா என்னும் நீராவிக் குளியல் அறையில், அடுப்பு மூட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் வெளிச்சமும் சத்தமும் எட்டாத இடம் அது ஒன்றுதான். கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். சில நாள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். வெளியே வந்ததும் என்ன சாப்பிடலாம் என்று என்னைக் கேட்பாள். படைக்குப் போவதற்கு முன்னால் அவளுக்கு இது எதுவும் இருந்ததில்லை. அவளை விமான நிலையத்தில் வழியனுப்பியதும் திரும்ப அழைத்து வந்ததும் நான்தான்."

இதில் எதையும் கூட்டவில்லை.

உன் அண்ணன்,
ரெய்னோ


ஆல்டர் பே
செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணா,

இலையெல்லாம் சிவந்துவிட்டது. காற்று பலமாக இருக்கிறது. ஏரியில் எப்படியோ என்று உன்னை நினைத்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே.

நீ கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நீ ரேடியோ கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாய் என்றே இத்தனை வருஷம் நினைத்தேன். மார்லீன் அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "தூசி" என்றார். அந்த அறையில் ஒரு தூசியும் கிடையாது.

புது மருத்துவர் மாதம் ஒரு ஊசி கொடுக்கிறார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து தலைவலி வருவது குறைந்துவிட்டது. கண்ணில் மின்னுவது இல்லை. எனக்கு உடனே வேறு கவலை. "வலி குறைஞ்சா நோயே இல்லைன்னு சொல்லிடுவாங்களா?" என்று மார்லீன் அம்மாவைக் கேட்டேன். "சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அதுக்காக நீ வலியோட உட்கார்ந்திருப்பியா? மருந்துல அடங்கறதும் நோய்தான். பைத்தியம் மாதிரி பேசாதே" என்றார்.

மனுவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு நகரத்துக்குப் போனேன், லூயிதான் அழைத்துப் போனார். வண்டியில் ஏறும்முன் மார்லீன் அம்மா எனக்குச் சொன்ன புத்தி: "உன் நல்ல நாளைப் பத்தி அவங்க கேக்கல. கெட்ட நாளைச் சொல்லு. அழவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்."

இளம் மருத்துவர். கதவைத் திறந்ததும், "இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன்" என்றேன். வாய் பழகிவிட்டது அண்ணா. அவர் அதை எழுதப் போனார்.

"இருங்க. அதை எழுதாதீங்க. மறுபடி கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அப்போது சொன்னேன். சாவ்னா அறையை, படிக்கட்டை, பாதிச் சாலையை. அந்தக் குழந்தை கேட்டதையும் சொல்லி முடித்தேன். வெளியே வந்து லூயியிடம் பசிக்கிறது என்றேன். இறைச்சி வைத்த பேஸ்டி இரண்டு வாங்கித் தந்தார். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

உன் உடம்பைக் கவனி.

கைசா


சுப்பீரியர் ஏரி
அக்டோபர் 19

தங்கைக்கு,

நலம். பெரும் காற்று. தட்டுகளைக் கட்டி வைத்துச் சமைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது அலையின் குற்றம்.

பதில் வந்ததா? எனக்குப் பொறுக்கவில்லை. கப்பல் முழுக்க உன் விஷயம் தெரியும் (ஹார்லன் செய்த வேலை). கேப்டன் நேற்றுச் சாப்பாட்டு வேளையில், "தங்கச்சிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். இவரோடு ஆறு வருஷமாகப் போகிறேன். உப்பை நகர்த்து என்பதைத் தவிர என்னிடம் வேறு பேசியதில்லை.

எது வந்தாலும் எழுது.

ரெய்னோ


ஆல்டர் பே
நவம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே.

இருந்தாலும் ஏரிக்கு ஏரி கப்பலை இறக்கிவிடும் சூ மதகில் நின்ற உன் முகத்தை நீ பார்க்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நீ ஏப்ரனோடு ஒரு வாளியைக் கொட்ட டெக்குக்கு வந்தாய். பார்வையாளர் மேடையில் பச்சைத் தொப்பியோடு நின்றவளை ஒரு தடவை பார்த்தாய், வாளியைப் பார்த்தாய், மறுபடி பார்த்தாய். வாளியைக் கீழே வைக்கவே இல்லை. எவ்வளவு கிட்ட வருகிறது அந்தக் கப்பல். கை நீட்டினால் தொடலாம் போலிருந்தது.

"யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கத்தினாய்.

"நான்தான்."

"முழுக்கவா?"

"நடுவுல ஒரு ராத்திரி தங்கினேன்."

"தலை எப்படி இருக்கு?"

"கழுத்து மேலதான் இருக்கு."

உன் பின்னால் நின்ற நெட்டையான ஆள்தானே ஹார்லன்? தொப்பியைக் கழற்றி, "அந்த ஒஹையோக்காரன் சார்பா மன்னிப்பு" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது அவரை.

அங்கே கத்திச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். தலைவலியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். காது இரைச்சலால் வந்தது என்றே எழுதியிருக்கிறார்கள், ஏப்ரல் தேதியிலிருந்து. அந்த வரியை மார்லீன் அம்மா இரண்டு முறை உரக்கப் படித்தார். இடுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. வயதால் வந்திருக்கலாம் என்கிறார்கள். நாற்பது வயதில் என்ன வயது என்று அவர் மேஜையைத் தட்டினார். இடுப்பைப் பார்க்கும் மருத்துவர், இடது கால் நொண்டியதால் வலது இடுப்பு தேய்ந்திருக்க பாதிக்குப் பாதியாவது வாய்ப்புண்டு என்று காரணத்தோடு எழுதித் தந்தால் மறுபடி கேட்கலாம். "சந்தேகமே இல்லாம நிரூபிக்கத் தேவையில்ல. தராசு ரெண்டு பக்கமும் சமமா நின்னா அது உன் பக்கம்தான்" என்றார். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன்.

முதுகு இன்னும் வாஷிங்டனில்தான் இருக்கிறது. புது மனு அதை அசைக்கவே இல்லை. வரிசையில் பின்னால் தள்ளவும் இல்லை. வசந்தத்தில் நீதிபதி முன்னால் பேச நாள் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இங்கிருந்தே திரையில் பேசலாமாம். பேசுவேன். இப்போது எனக்குப் பேச வரும்.

பெரிய பஸ் இனி எனக்கு இல்லை, அது தெரியும். ஆனால் மருத்துவர் காரை ஓட்டலாம் என்று சொன்ன அன்றே லூயியிடம் உன் கப்பல் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு பேச்சுக்கு, "நான் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மதகில் தண்ணீர் வடிய வடியக் கப்பல் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. முதலில் உன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. அப்புறம் நான் குனிந்து பார்த்தேன், நீ அண்ணாந்து பார்த்தாய். கதவு திறக்கும் நேரத்தில் நீ என்னவோ கேட்டாய். அதே சமயம் ஊதல் ஊதிவிட்டது. எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நீ ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பெரிதாகத் தலையாட்டிவிட்டேன். நீ வாளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய்.

நான் எதற்குச் சம்மதித்தேன் அண்ணா? அதை எழுது.

அன்புத் தங்கை,
கைசா


டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 27

அன்புத் தங்கை கைசாவுக்கு,

நான் நலம், கப்பலில் எல்லாரும் நலம். உன் தலைவலியை ஒப்புக்கொண்ட செய்தியைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். கேப்டன் எனக்கு உப்பை நகர்த்தினார்.

இடுப்புக்கு நானும் இன்னொரு பக்கம் எழுதித் தருகிறேன். உன் நடையைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

நான் கேட்டது இதுதான். ஜனவரி நடுவில் கப்பலைச் சுப்பீரியர் துறையில் கட்டுகிறார்கள். வருஷாவருஷம் பஸ் மாறி, எவன் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வீடு வந்து சேருவேன். "இந்த வருஷம் என்னை வந்து கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

எல்லார் முன்னாலும் தலையாட்டிவிட்டாய். ஹார்லன் சாட்சி. அவசரமே இல்லை, பனி கொட்டினால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் தங்கிவிட்டு வா. நான் துறை வாசலில் என் பையின்மேல் உட்கார்ந்திருப்பேன்.

ரெய்னோ